அந்தப் பக்கத்து ஆட்கள்

மாற்று ஆள் சேவையைக் கரோலின் ஆசை ஆசையாகத் தொடங்கியிருந்தாள். அது ஒருவருக்கும் வேண்டாததாகிப் போனதுதான் அந்த வருடம் முழுக்க அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பழைய வீட்டு மாடியில் அவளுடைய அலுவலகம். பெற்றவர்கள் இறந்துபோய், அல்லது இருந்தும் வளர்க்க முடியாமல்போய், சித்தி வீட்டிலோ மாமன் வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ வளரும் பிள்ளைகள் நகரத்தில் ஏராளம். அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற உறவுக்காரர்களுக்குத் துணையாக நிற்பது அவள் நிர்வகித்த திட்டம். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தால் போய்ப் பேசுவாள். ராத்திரி படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு வைத்தியரிடம் நேரம் வாங்கித் தருவாள். திடீரென்று தாயும் தகப்பனுமாகிவிட்ட ஒரு இருபத்தைந்து வயதுச் சித்தி, தன்னால் முடியவில்லை என்று அழுதால் உட்கார்ந்து கேட்பாள். பள்ளி ஆசிரியையாக இருந்து இந்த வேலைக்கு வந்தவள். தாத்தா காலத்தில் திருச்சியிலிருந்து ரயில்வேக்கு வந்த குடும்பம் என்பதால் தமிழும் தெலுங்கும் தக்னி உருதுவும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே போய்விடுவாள்.

வளர்க்கிறவர்களுக்கு ஓய்வே இல்லை என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்று ஆள் சேவையை ஏற்பாடு செய்தாள். காய்ச்சலில் படுத்தாலோ, ஊரில் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தாலோ ஒரு போன் செய்தால் போதும். பயிற்சி பெற்ற ஒரு பெண் வீட்டுக்கே வந்து இரண்டு மூன்று நாள் பிள்ளையோடு இருப்பாள். யாரும் போன் செய்யவில்லை. கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். ஏற்கெனவே பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளை, அதை முகம் தெரியாதவர் கையில் எப்படி விட்டுவிட்டுப் போவது? இந்தத் திட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் வேணுகோபால், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவரே வேறு வழியில்லாமல், மார்ச்சோடு இந்தச் சேவையை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வருத்தத்தோடுதான் பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வைத்தாள். அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி, எல்லாப் பகுதியிலிருந்தும் குடும்பங்களை ஒரே இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை குஷாய்குடா பக்கத்து வீடுகளை ஒரு ஊழியர் பார்த்தார், மாரெட்பள்ளி பக்கத்தை இன்னொருவர் பார்த்தார். ஒரு பக்கத்துக் குடும்பம் இன்னொரு பக்கத்துக் குடும்பத்தைப் பார்த்ததே கிடையாது.

குஷாய்குடாவிலிருந்து அன்னக்கிளி வந்திருந்தாள். அவள் கணவர் லட்சுமணன் அங்கே உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர். குழந்தை இல்லை. இறந்துபோன தங்கை ராஜியின் மகன் சீனுவை ஒன்றரை வருடமாக அவர்கள்தான் வளர்க்கிறார்கள். ஆறு வயதுப் பையன் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காதும் தொண்டையும் சரியாக இருக்கின்றன என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். பசிக்கிறதா என்றால் தலையாட்டுவான், தூக்கம் வருகிறதா என்றால் போய்ப் படுத்துக்கொள்வான், அவ்வளவுதான். கரோலின் அனுப்பிய ஆலோசகர் பொம்மையும் வண்ணப் பென்சிலும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார்.

சின்னப் பிள்ளைகளுக்கான ஓட்டப்பந்தயம் தொடங்கியது. சீனு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். பாதி தூரத்தில் மைதானத்து ஓரத்தைப் பார்த்தவன் சட்டென்று நின்றான். பின்னால் வந்த பிள்ளைகள் அவன்மேல் மோதிக்கொண்டு போனார்கள். அவன் கோட்டை விட்டுக் குறுக்கே திரும்பி, பந்தயத்தில் ஓடியதைவிட வேகமாக, குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணை நோக்கி ஓடினான். பதினொரு வயதுப் பெண். அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. ஓடிவந்தவனை அவள் அள்ளிக்கொள்ள, இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்தேவிட்டார்கள்.

கரோலின் பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த வாய் திறந்ததை அவள் தன் காதால் கேட்டாள்.

"யாடிகி போயினவ் அக்கா?"

எங்கே போயிருந்தாய் அக்கா என்று தெலுங்கில் கேட்டான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அந்தப் பெண் அவன் தலையை மோந்துகொண்டே இருந்தாள்.

அவள் பெயர் எமி. மாரெட்பள்ளியில் சித்தப்பா எபனேசர் வீட்டில் வளர்கிறவள். எபனேசர் சிகந்தராபாத் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர், கல்யாணமாகாதவர், அண்ணன் மகளைத் தனியாளாக வளர்த்துவந்தார். அவரும் கரோலினின் திட்டத்தில் இருந்தவர்தான். இரண்டு வீட்டிலும் பெற்றோர் விபத்தில் போய்விட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீடு கிறிஸ்தவக் குடும்பம், ஒரு வீடு இந்துக் குடும்பம். பையனைப் பள்ளியில் பெரியப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்திருந்தார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று கரோலினுக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அன்னக்கிளி வந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து எபனேசரும் வந்து நின்றார். பையன் பேசிவிட்டான் என்ற செய்தி அன்னக்கிளியின் காதில் விழுந்ததோ இல்லையோ, அவள் பார்த்தது எபனேசரை மட்டும்தான்.

"இவங்க அண்ணன் வண்டி ஓட்டிப் போயித்தான் என் தங்கச்சி செத்தா. இந்த மூஞ்சிங்களப் பாக்கத்தான் எங்கள இங்க வரச் சொன்னீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, சீனுவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

எமியின் சட்டையை இறுகப் பிடித்திருந்த பையனின் விரல்களை எபனேசரே குனிந்து ஒவ்வொன்றாக விடுவித்தார். ஆட்டோ கிளம்பும்வரை சீனு கத்திக்கொண்டே போனான். அவனுக்குக் குரல் இருக்கிறது என்பது அன்றைக்கு மாரெட்பள்ளி முழுக்கத் தெரிந்தது.

மறுநாளே அன்னக்கிளி போன் செய்து, இனிமேல் உங்கள் உதவி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேணுகோபாலும் கரோலினைக் கூப்பிட்டு எச்சரித்தார். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு உதவுவதுதான் நம் வேலை, குடும்பச் சண்டையைத் தீர்ப்பது இல்லை, இதில் தலையிட்டால் இரண்டு வீடும் கையைவிட்டுப் போகும் என்றார். கரோலின் சரி என்று கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே எபனேசர் வீட்டுக்குப் போனாள்.

அவர்தான் நடந்ததையெல்லாம் சொன்னார். அவருடைய அண்ணன் வெஸ்லியும் ராஜியும் ஒரே கல்லூரியில் படித்து, யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ராஜியின் அப்பா அந்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். மகள் போன ஏக்கம்தான் காரணம் என்று அன்னக்கிளி நம்பினாள். இந்தப் பக்கத்திலும் யாரும் மருமகளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தனியாகவே வாழ்ந்தார்கள், சந்தோஷமாகத்தான் வாழ்ந்தார்கள். மூத்தவளுக்கு வெஸ்லி பெயர் வைத்தான், எமி என்று. இளையவனுக்கு ராஜி தன் அப்பாவின் பெயரை வைத்தாள், சீனிவாசன் என்று. ஒருநாள் மழையில் கார் கவிழ்ந்தது. பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் மட்டும் பிழைத்தார்கள்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சுத்தான் மேடம் பிரிச்சாவ," என்றார் எபனேசர். "எங்க பேரு உள்ளது எங்களுக்கு, உங்க பேரு உள்ளது உங்களுக்குன்னு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் பேசி முடிச்சிட்டாவ. பாத்திரம் பண்டம் பிரிக்க மாதிரி. நான் கூடத்தான் நின்னேன்."

பெரியவர்கள் பிறகு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் இவர்கள் கையில் மிஞ்சினார்கள். எமியைத் தம்பியோடு போனில் பேசவாவது வைக்கலாம் என்று அவர் இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தார். அவருடைய நம்பரை அன்னக்கிளி தடுத்து வைத்திருந்தாள். இதற்கிடையில் தன் பாடே அவருக்குப் பெரிதாகிவிட்டது. இரவு டியூட்டி வரும்போதெல்லாம் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக் கொடுத்தவர்களெல்லாம் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மாற்ற ஆள் கிடைக்காத நாளில் எமியைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு, ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து அவளுக்குச் சப்பாத்தி போடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொக்கியது.

எமி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. கரோலின் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"ஆன்ட்டி, வாட் டஸ் ஹி ஈட் தேர்? ஹி வோன்ட் ஈட் இஃப் த ரைஸ் இஸ் மிக்ஸ்ட். யூ ஹாவ் டு கீப் இட் செபரேட்," என்றாள். அங்கே தம்பி என்ன சாப்பிடுகிறான்? சாதத்தைப் பிசைந்து வைத்தால் தொடமாட்டான், குழம்பைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். இதை அந்தப் பெரியம்மாவிடம் சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். தன்னை அழைத்துப் போகும்படியோ, தம்பியைக் கொண்டுவரும்படியோ அவள் கேட்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டால் கிடைக்காது என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிவிட்டிருந்தாள். கரோலினுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவள் குஷாய்குடாவுக்குப் போனாள். அன்னக்கிளி கம்பிக் கதவைத் திறக்காமலே நின்று பேசினாள். கரோலின் சமாதானம் எதையும் பேசவில்லை. சாதத்தைப் பிசையாமல் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அன்னக்கிளியே போன் செய்தாள். குரலில் பழைய கோபம் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த லட்சுமணனின் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாக வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாயிற்று. மறுபடியும் வாயை மூடிக்கொண்டுவிட்ட பிள்ளையை வைத்துக்கொள்ள எல்லோரும் தயங்குகிறார்கள்.

"அந்த மாற்று ஆளுன்னு சொன்னீங்களே மேடம், அத அனுப்புங்க. எனக்கு வேற கதியில்ல," என்றாள்.

கரோலின் தன் ஆட்களிலேயே சிறந்தவளான சௌம்யாவை அனுப்பினாள். பொறுமைசாலி, பிள்ளைகளோடு பிள்ளையாகிவிடுகிறவள். ஆனால் சீனு அவளைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பாடும் தண்ணீரும் அங்கேயே தள்ளி வைத்தாள்; தொடவில்லை. பெற்றோரைப் போலவே பெரியம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது என்று சௌம்யா போனில் சொன்னாள். அவளும் அழுதுவிட்டாள்.

கரோலின் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையவே யோசித்தாள். பையன் அன்னக்கிளியின் பொறுப்பில் இருப்பவன். அவள் சம்மதம் இல்லாமல் எபனேசரை அந்த வீட்டு வாசல்படி ஏறவிடக் கூடாது. அப்படிச் செய்தால் இந்த வேலையைச் செய்ய அவளுக்கே தகுதியில்லை. அதே சமயம், கட்டிலுக்கு அடியில் கிடப்பவனை வெளியே கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் மாரெட்பள்ளியில் இருக்கிறாள் என்பதும் நிச்சயம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அன்னக்கிளி தரையில் உட்கார்ந்திருந்தாள். கரோலினும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பையன் சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொன்னாள். பிறகு, எமியையும் அவள் சித்தப்பாவையும் வீட்டுக்கு வரவழைக்கலாமா என்று கேட்டாள்.

நர்ஸ் வந்து ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே அன்னக்கிளி சொன்னாள்:

"நீங்க சொன்னாப்பலதான் சோத்த தனியா வச்சேன். தட்டக் காலி பண்ணிட்டான். ஒன்ற வருசமா எனக்குத் தெரியாதது அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது."

"அவ அக்கா இல்லையா?" என்றாள் கரோலின்.

"எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா மேடம். அவ கல்யாணம் கட்டிகினு போனப்புறம் எத்தினியோ வாட்டி போன் பண்ணா. நான் எடுக்கவே இல்ல." சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். "வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வரட்டும். ஆனா என் வீட்லதான் இருக்கணும். புள்ளய எங்கியும் கூட்டிகினு போகக் கூடாது."

எபனேசர் அன்றைக்கே லீவு போட்டார். தன் அண்ணன் மேல் சாவுப் பழியைப் போட்ட வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். எமியின் பள்ளிப் பையையும் தன் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு, கரோலினோடு ஆட்டோவில் ஏறினார். வழி நெடுக எமி ஆட்டோவிலிருந்து வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். எத்தனை தடவை உள்ளே இழுத்தாலும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். உள்ளே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசும் சத்தம் கேட்டது. சௌம்யா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எபனேசர் சமையலறையைத் தேடிப் போய் அரிசி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். சோறு வெந்த வாசம் வந்தபோது இரண்டு தலைகள் கட்டிலுக்கு வெளியே வந்தன. தலைமுடியெல்லாம் ஒட்டடை.

அன்றைக்குச் சீனு மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான்.

அடுத்த நாள் சாயங்காலம், லட்சுமணனை வார்டுக்கு மாற்றிய பிறகு, குளித்து உடை மாற்றிக்கொண்டு போகலாம் என்று அன்னக்கிளி வீட்டுக்கு வந்தாள். கரோலினும் கூட வந்தாள். என்ன நடக்குமோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். தெருவில் திரும்பும்போதே வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. சின்னப் பையனின் குரல், கணகணவென்று, தெலுங்கும் தமிழுமாக, மூச்சுவிடாமல் எதையோ கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்னக்கிளி நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவள் பேச்சாகக் கேட்டதே இல்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே எமி நெருப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எபனேசர் அன்னக்கிளியைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"பெரியம்மா தெனமும் ஏத்துவாங்கன்னு சீனு சொன்னான். இவளும் அவங்கம்மா கூட இருந்து ஏத்தியிருக்கா, தெரியும்னா. நான் வேண்டாம்னு சொல்லல. தப்புன்னா..."

அன்னக்கிளி விளக்கைப் பார்த்தாள், எமியைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தில் ராஜியின் மூக்கு, ராஜியின் புருவம். மைதானத்தில் அன்று அவள் இதைப் பார்க்கவே இல்லை. மெல்ல வந்து பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பேசினாள்.

"தம்பி, அவுருக்குக் கொஞ்சம் கஞ்சி வச்சிக் குடுக்கறியா? ஆஸ்பத்திரிச் சாப்பாடு எறங்கல அவுருக்கு."

தம்பி என்று கூப்பிட்டதை எபனேசர் கவனித்தார். வைக்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வேகமாகச் சமையலறைக்குப் போனார். அங்கே அவர் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

லட்சுமணன் வீடு திரும்பிய பிறகும் அந்த ஏற்பாடு நிற்கவில்லை. எபனேசருக்கு இரவு டியூட்டி வந்தால் எமி குஷாய்குடாவில் இருப்பாள். லட்சுமணனை எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போகும் நாட்களில் சீனு மாரெட்பள்ளிக்கு வந்துவிடுவான். சண்டை வராமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பையனை அழைத்துப் போகலாமா, எமிக்கு நெற்றியில் பொட்டு வைக்கலாமா என்று அன்னக்கிளியும் எபனேசரும் தனித்தனியாகக் கரோலினுக்குப் போன் செய்து முறையிட்டார்கள். பிள்ளைகளின் அம்மா அப்பா இதை எப்படி வைத்திருந்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்களேன் என்றாள் அவள். இரண்டு இடத்துக்கும் போவோம், இரண்டு இடத்திலும் தின்பதற்குக் கிடைக்கும் என்றான் சீனு. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த எபனேசரைப் பார்த்துக் கரோலினுக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன் மேடம் என்று ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார். அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்று உறைத்தது. வளர்க்கிறவர்களுக்கு ஓய்வு, நம்பி விட்டுப் போக ஒரு ஆள்: இரண்டு வருடமாகத் தான் தேடியது இதைத்தானே? அதை அந்நியர்களிடம் தேடியதுதான் பிசகு. ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கத்து உறவு வளர்க்கிறது என்றால், இன்னொரு பக்கத்து உறவு எங்கேயோ இருக்கத்தானே செய்யும்?

மார்ச் கடைசியில் நடந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் அவள் அதைத்தான் சொன்னாள். சேவையை மூட வேண்டாம், திசையைத் திருப்புவோம். ஒவ்வொரு வீட்டிலும் போய் அந்தப் பக்கத்து ஆட்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்போம். போய்ப் பார்ப்போம். பிள்ளைக்கு ஆகாதவர்கள் என்றால் அப்படியே விட்டுவிடுவோம். ஆனவர்கள் என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்போம். முதல் சில தடவை நம் ஆள் ஒருத்தி கூடவே இருப்பாள்.

வேணுகோபால் தலையை ஆட்டினார். "அந்தப் பக்கம்னாலே சண்டைதானேம்மா? வெட்டுக் குத்துன்னு போயிட்டா யார் பொறுப்பு?"

"நான்தான் சார். சண்டை போடுறாங்கன்னா அந்தப் பிள்ளை மேல ரெண்டு பேருக்கும் உரிமை இருக்குன்னு நினைக்கிறாங்கன்னு அர்த்தம். யாருமே வேணாம்னு சொன்ன பிள்ளைக்குச் சண்டை போட ஆள் வராது. ஆறு மாசம் குடுங்க."

அவர் கொடுத்தார். அந்த ஆறு மாதம் கரோலினும் சௌம்யாவும் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் நகரத்தை அளந்தார்கள். எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. பட்டான்செருவில் ஒரு மாமன் கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு வீட்டில் குடித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவரை அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் திறந்த கதவுகள் அதைவிட அதிகமாக இருந்தன. அக்கா மகளை ஒருதரம் பார்க்க முடியாதா என்று வருடக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்த ஒரு சித்தி, அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சீனுவிடம் தோற்றுப்போய் அழுத சௌம்யாதான் இந்த வேலையில் எல்லோரையும் மிஞ்சினாள். முதல் சந்திப்பில் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு தேநீர் போடப் போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் கூப்பிடாத சேவைக்கு இப்போது காலையிலிருந்தே போன் வந்தது. ஆள் பற்றவில்லை என்று கரோலின் போய் நின்றபோது வேணுகோபால் சிரித்துக்கொண்டே, இன்னும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தசராவுக்கு முந்தின வாரம் எபனேசர் வீடு மாறினார். அன்னக்கிளி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் ஒரு வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் இனி ஒரே பள்ளி. பால் காய்ச்சுவதற்கு அன்னக்கிளி பாத்திரத்தோடு விடியும்போதே வந்துவிட்டாள். பால் பொங்கிய கையோடு போதகர் ஜெபம் செய்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் நின்ற லட்சுமணன், பீரோவை மேலே ஏற்றும் ஆட்களுக்கு இடம் வலம் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

கரோலின் மாடிப்படியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் அன்னக்கிளியை நிறுத்தி, புதிதாக வந்திருக்கிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

அன்னக்கிளி ஒரு நிமிடம் யோசித்தாள். தங்கை புருஷனின் தம்பி என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியுமோ என்னவோ.

"எங்க தம்பிதான்," என்றாள். "ரயில்வேல இருக்குது. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் புள்ளைங்கள வளக்கறோம்."

மேலேயிருந்து எமி, எந்த அறை யாருக்கு என்பதில் தம்பியோடு தகராறு செய்யும் சத்தம் வந்தது. சீனு விட்டுக்கொடுப்பதாக இல்லை. கரோலினின் போன் அடித்தது. ஒரு பிள்ளையின் அந்தப் பக்கத்து உறவைத் தேடிக் கரீம்நகருக்குப் போன சௌம்யா, போன வேலை முடிந்தது, நாளைக்கு இரண்டு அத்தைகளோடு வருகிறேன் என்றாள். கரோலின் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர்களை எங்கே தங்கவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.